சிரிப்பதற்கென்றே ஒரு ஜெர்மன் சேனல்

அல் குசைஸில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடி. சாயங்காலம் நாலு மணி வெயில். ஆறடி டிஷ் ஒன்றை ரெண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரும்புச் சட்டம் சட்டை வழியாக நெஞ்சைச் சுடுகிறது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். கழுத்து ஒரு பக்கமாக ஒடிந்து கிடக்கிறது.

போனுக்குள்ளிருந்து ஐந்து வயசுக் குரல் ஒன்று அதட்டுகிறது:

"அப்பா, சிவப்புக் கோடு கொஞ்சம் நீளமாயிருச்சு. அங்கயே இருங்க. அசையாதீங்க!"

நான் அசையவில்லை. மூச்சைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆனந்தி, அந்தக் குரல் உன்னுடையது. நீ இப்போது காலேஜ் கடைசி வருஷம். உனக்கு அது ஞாபகம் இருக்காது. பாண்டி, நீ அப்போது அம்மா வயிற்றில் மூன்று மாசம். ஆக, ஒருத்தி மறந்துவிட்டாள், ஒருத்தன் பிறக்கவே இல்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். இந்தத் தொடரைப் படிக்கிற மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இதுபோல ஒன்று நடந்திருக்கலாம்.

பாண்டிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனந்தி வாசித்துக் காட்டுவாள். ஆகவே சின்னச் சின்ன வரியாகவே எழுதுகிறேன். பெரிய வரி எழுத எனக்கும் வராது என்பது வேறு விஷயம். நான் பத்தாவது வரை படித்தவன்.

போனில் ஒரு அப்பா, வீட்டில் ஒரு ஆள்

ஆனந்தி பிறந்தபோது நான் துபாயில் இருந்தேன். ஒரு வயசில் நாற்பது நாள் லீவில் பார்த்தேன். மூன்று வயசில் இன்னொரு நாற்பது நாள். மற்றபடி போன்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுவேன். போனில் அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பக்கத்து வீட்டுக் கோழி முட்டை போட்டது முதல், தனக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது வரை சொல்வாள். நடுநடுவே சிரிப்பாள். கொலுசைக் கழற்றித் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம்.

அவளுக்கு ஐந்து வயசாகும்போது ஃபேமிலி விசா கிடைத்தது. அவளும் அவள் அம்மா செல்வியும் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினார்கள். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டாள்.

"இது யாருட்டி? சொல்லு," என்றாள் செல்வி.

"அப்பா," என்று சேலையிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆச்சு, ஒரு மாசம் ஆச்சு, மூன்று மாசமும் ஆச்சு. அதிசயம் என்னவென்றால், மத்தியானம் சைட்டிலிருந்து செல்வியின் போனுக்குக் கூப்பிட்டால் அவள்தான் ஓடிவந்து எடுப்பாள். "அப்பா, இன்னிக்கு லிஃப்ட்ல ஒரு பூனை வந்துச்சு!" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசுவாள். அதே நான் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனால், கர்ட்டனுக்குப் பின்னால் ரெண்டு பாதம் மட்டும் தெரியும்.

"ஏங்க, உங்க மீசையப் பாத்து பயப்படுதாளோ?" என்றாள் செல்வி. மறுநாளே எடுத்துவிட்டேன். மீசை போனதுதான் மிச்சம். அன்றைக்கு அவள் கர்ட்டனோடு சேர்த்துக் கட்டிலையும் எங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

அவள் பார்க்கிற கார்ட்டூன் இங்கிலீஷில் ஓடும், எனக்குப் புரியாது. செல்வி பார்க்கிற சீரியலில் எல்லாரும் அழுவார்கள், அது அவளுக்குப் பிடிக்காது. ஒரே ரூம், ஒரு மூலையில் கிச்சன். அந்த ரூமுக்குள் எங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை.

என் மகள் என்னை நேரில் ஒரே ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டுப் பேசவேண்டும். அந்த வருஷம் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஆகாயத்தில் நிற்கிற பெட்டி

என் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நான் டிஷ் ஆள். வீடு வீடாகப் போய் டிஷ் மாட்டுவேன், திருப்புவேன், ரிப்பேர் பார்ப்பேன். என்னோடு அக்பர் பாய் என்று பெஷாவர்க்காரர் ஒருவர். ஒரு பிக்கப், ரெண்டு ஏணி, ஒரு ஸ்பேனர் பெட்டி.

பிள்ளைகளா, நமக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி நிற்கிறது. உண்மையில் நிற்கவில்லை, பூமி சுற்றுகிற அதே வேகத்தில் அதுவும் சுற்றுகிறது. அதனால் நமக்கு நிற்கிற மாதிரி. அங்கிருந்து படமும் பேச்சும் ராப்பகலாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மொட்டைமாடியில் எத்தனையோ நாள் அதற்கு நடுவே நின்றிருக்கிறேன். என் தலைமேல் செய்தியும் பாட்டும் கிரிக்கெட்டும் விழுந்திருக்கும். ஒன்றும் தெரிந்ததில்லை. வெயில் மட்டும்தான் தெரியும். ஒரு டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி வைத்தால் அத்தனையும் அதில் வந்து விழுகிறது. ஒரு நூல் விலகினால் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும், படம் வருகிற அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

டிஷ் பார்க்கிற திசையை வைத்தே அந்த வீட்டில் எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுவேன். தென்கிழக்கே பார்த்தால் நம் ஆட்கள், மலையாளி, இந்திக்காரர். மேற்கே பார்த்தால் அரபுச் சேனல். மேற்கே பார்க்கிற டிஷ் ஆறடி அகலமாகவும் இருந்தால், வெள்ளைக்காரர். ஐரோப்பாவுக்கென்று அனுப்புகிற சிக்னல் இங்கே வரும்போது மெலிந்துபோயிருக்கும். அதைப் பிடிக்கப் பெரிய டிஷ் வேண்டும்.

வேலை செய்கிற விதம் இதுதான். ஒருத்தர் மாடியில் டிஷ்ஷைத் திருப்புவார். ஒருத்தர் கீழே டிவி முன்னால் நின்று போனில் சொல்வார். "வந்தாச்சு", "போச்சு", இந்த ரெண்டே வார்த்தைதான். மீட்டர் இருக்கிறது. இருந்தாலும் படத்தைக் கண்ணால் பார்க்கிற ஆள் சொல்வதைத்தான் நாங்கள் நம்புவோம்.

பெட்ரா மேடம் கேட்டது

ஜுமேரா பக்கம் ஒரு வில்லா. அங்கே பெட்ரா மேடம் என்று ஒரு ஜெர்மன் அம்மா. ஐம்பது வயசிருக்கும். அவருடைய கணவர் ஏதோ தண்ணீர் கம்பெனியில் இன்ஜினியர்.

மேடம் எங்களைக் கூப்பிட்டு, "எங்கள் ஊரில் புதுசாக ஒரு சேனல் ஆரம்பித்திருக்கிறார்கள். அது எனக்கு வேண்டும்," என்றார்.

"என்ன சேனல் மேடம்? செய்தியா, விளையாட்டா?"

"காமெடி. காலையிலிருந்து ராத்திரிவரை காமெடி மட்டும்."

நான் அக்பர் பாயைப் பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் என்றால் எங்களுக்கு டிரில் மிஷின், கார், சிரிக்காத சூப்பர்வைசர். அந்த ஊரில் சிரிப்பதற்கென்றே ஒரு சேனலா? வேறு ஒன்றும் கிடையாதா? இடையில் செய்திகூடக் கிடையாதா?

"கிடையாது," என்றார் மேடம்.

ஆறடி டிஷ் மாட்டினோம். அரைநாள் வேலை. கீழே டிவி முன்னால் அக்பர் பாய். "வந்தாச்சு" என்ற வார்த்தைக்காக மாடியில் காத்திருக்கிறேன். வரவில்லை. போனில் என்னமோ உறுமல் சத்தம். கீழே ஓடினேன். அக்பர் பாய் டிவியைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அந்த மனுஷன் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அரே பாய், இவன் என்ன சொல்கிறான் என்று ஒரு எழுத்தும் புரியவில்லை," என்றார் இந்தியில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனால் அவன் மாமனார் மேல் தப்பு. அது மட்டும் நிச்சயம்."

அது மாமனார்தானா என்பதே எங்களுக்குத் தெரியாது.

லிஃப்ட்டுக்குள் இஸ்திரி மேஜை

பல மாசம் கழித்து மேடம் திரும்பக் கூப்பிட்டார். படம் உடைந்து உடைந்து வருகிறதாம். அன்றைக்குச் செல்வி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. பாண்டி, உன்னால்தான். வேறு வழியில்லாமல் ஆனந்தியை என்னோடு கூட்டிப்போனேன்.

பிக்கப்பில் எனக்கும் அக்பர் பாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பாதி வழியில் அக்பர் பாய் சட்டையை இழுத்து, "எனக்குத் தண்ணி வேணும்," என்றாள் தமிழில். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "பெஷாவரில் பிறந்திருக்க வேண்டியவள். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டாள்," என்று கேலி பண்ணினார். சிரித்தேன். உள்ளே வலித்தது.

மேடம் வீட்டில் அவளை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் மாடிக்குப் போனேன். டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.யின் மூடியில் மணல் ஏறி விரிசல் விட்டிருந்தது. புதுசு மாட்டி, துடைத்து, இறுக்கிவிட்டுப் படியில் இறங்குகிறேன்.

பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

அந்தச் சிரிப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஐந்து வருஷம் போனில் கேட்டது. ஆனால் சுவரில் பட்டு, படியில் ஏறி, இப்படி முழுசாக நான் கேட்டதில்லை. போனில் வருவது பாதிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மெல்ல எட்டிப் பார்த்தேன். டிவியில் ஒரு குண்டு மனுஷன் இஸ்திரி போடுகிற மேஜையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறப் பார்க்கிறான். கதவு மூடப்போகும், மேஜையின் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொள்ளும், கதவு திறந்துவிடும். அவன் காலை மடக்கினால் மறுகால் விரிகிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் வந்து, ரொம்ப மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே நெருக்கி நிற்கிறார். கடைசியில் லிஃப்ட்டுக்குள் எட்டுப் பேர், ஒரு மேஜை. மேஜைக்குக் கீழே அந்தக் குண்டு மனுஷன்.

சோபாவின் இந்த முனையில் பெட்ரா மேடம். அந்த முனையில் ஆனந்தி. ஒருவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியும். ஒருத்திக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ரெண்டு பேரும் ஒரே நொடியில் சிரித்தார்கள். எவன் எங்கே உட்கார்ந்து எடுத்த படமோ! ஆகாயத்துக்குப் போய்த் திரும்பி வந்து, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒன்றை ஜுமேராவில் சிரிக்கவைக்கிறது. எனக்குக் கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

என்னைப் பார்த்ததும் ஆனந்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஆறு நாளைக்கு ஆறடியா?

"நல்ல நேரத்தில் சரிசெய்தீர்கள்," என்றார் மேடம். "இன்னும் ஒன்பது நாள்தான். மாசக் கடைசியோடு சேனலை மூடுகிறார்கள்."

"ஏன் மேடம்?"

"பார்க்கிறவர்கள் போதவில்லையாம்." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நாங்களும் ஊருக்குத் திரும்புகிறோம். நாளை மறுநாள் சாமான் ஏற்ற ஆள் வருகிறது. டிஷ் உங்களுக்கு வேண்டுமென்றால் கழற்றிக்கொள்ளுங்கள்."

வேண்டும் என்றேன். யோசிக்கவே இல்லை.

திரும்பும்போது அக்பர் பாய் கேட்டார்: "மூடப்போகிற சேனலுக்கு அந்தப் பூதத்தைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்யப்போகிறாய்?"

"அவர்கள் போனபிறகும் ஆறு நாள் இருக்கில்லையா பாய்?"

அவர் நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாமான் வண்டி போன மறுநாள் அவரே வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினார்.

எங்கள் கட்டடத்து நாத்தூர், அதாவது வாட்ச்மேன், ஒரு வங்காளி. வயசானவர். மாடிச் சாவியைக் கொடுக்கமாட்டேன் என்று நின்றார்.

"இவ்வளவு பெரிய டிஷ்ஷா? ஓனர் பார்த்தால் எனக்குக் கலாஸ், வேலை போய்விடும்."

"ஆறே நாள்தான் சாச்சா. அப்புறம் நானே இறக்கிவிடுவேன்."

"ஆறு நாளைக்கு ஆறடியா? என்ன சேனல் அது, சொர்க்கத்திலிருந்து வருகிறதா?"

"ஜெர்மனியிலிருந்து."

"சண்டைப் படமா?"

"காமெடி."

அவர் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் கேலி பண்ணுகிறேனா என்று பார்த்தார்போல. அப்புறம் சாவியைக் கையில் வைத்து, "ஏழாவது நாள் இருக்கக்கூடாது," என்றார்.

வந்தாச்சு, போச்சு

இப்போது அந்த மொட்டைமாடிக்குத் திரும்ப வருகிறேன்.

கம்பத்தை நட்டு, சுற்றிலும் சிமெண்ட் கல் வைத்து, டிஷ்ஷை மாட்டினோம். திசை தேடுகிற வேலை மட்டும் பாக்கி. அக்பர் பாய்க்கு அஸர் தொழுகை நேரம். "பத்து நிமிஷம்," என்று சொல்லி இறங்கிப் போனார். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் பொறுக்கவில்லை. செல்விக்குப் போன் பண்ணினேன்.

"எனக்குத் தலைய சுத்துதுங்க. நிக்க முடியல. இந்தா, இவகிட்ட குடுக்கேன்," என்றாள்.

இப்படித்தான் ஆனந்தி என் வேலைக்கு வந்தாள்.

"கண்ணு, டிவில என்ன தெரியுது?"

"நீலக் கலரு. நடுவுல ரெண்டு கோடு. ரெண்டும் சிவப்பு. குட்டியா இருக்கு."

"அது நீளமாச்சுன்னா சொல்லு. பச்சையாச்சுன்னா கத்து."

பெரியவர்களோடு வேலை செய்தால் ஒரு தொல்லை. சீக்கிரம் முடியட்டும் என்று, படம் சரியாக வருவதற்கு முன்னாலேயே "வந்தாச்சு, வந்தாச்சு" என்பார்கள். இவளிடம் அதெல்லாம் நடக்கவில்லை.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப கொஞ்சம்?"

"கொஞ்சம்னா எவ்வளவு? ஒரு எறும்பு அளவுக்கு நீளமாச்சு."

"இப்ப?"

"ஐயோ அப்பா, ஏன் தள்ளுனீங்க? நல்லாத்தானே இருந்துச்சு! திரும்ப அங்கயே போங்க. ஆங்... இன்னும்... இன்னும்... அசையாதீங்க!"

நான் ஆரம்பத்தில் சொன்னது இந்த இடம்தான். டிஷ்ஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வயிற்றால் ஒரு மயிரிழை அமுக்கினேன்.

போனில் ஒரு கத்தல். காதே அடைத்துவிட்டது.

"பச்சை! அப்பா, ரெண்டும் பச்சை! ஒரு மாமா வாராரு! தொப்பி போட்டிருக்காரு!"

உடனே நட்டை இறுக்கியிருக்கவேண்டும். அதுதான் முறை. ஸ்பேனர் கையில்தான் இருந்தது. நான் இறுக்கவில்லை. இறுக்கினால் வேலை முடிந்துவிடும், போனை வைத்துவிடுவாள், நான் கீழே போவேன், கர்ட்டனுக்குப் பின்னால் ரெண்டு பாதம் தெரியும். அதனால் நெஞ்சால் டிஷ்ஷைத் தாங்கிக்கொண்டே நின்றேன்.

"அவுங்க"

"என்ன செய்யுதாரு அந்த மாமா?"

"கதவ தட்டுதாரு. உள்ள இருக்கவங்க இல்லன்னு சொல்லுதாங்க."

"வீட்டுல வேற யாரு இருக்கா?" நான் டிவியில் வருகிற வீட்டைத்தான் கேட்டேன்.

அவள் எங்கள் வீட்டைச் சொன்னாள். "அம்மா படுத்துருக்கா. நான் இருக்கேன். அவுங்க மாடிக்குப் போயிருக்காங்க."

"அவுங்கன்னா யாரு?"

"அவுங்கதான். சட்டையெல்லாம் கிரீஸா இருக்குமே. ராத்திரி கொர்ர் கொர்ர்னு குறட்டை விடுவாங்களே, அவுங்க."

வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கீழே ரோட்டில் யாரோ ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவுங்க நல்லவங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று இருந்தது.

யோசிக்கிறாள்.

"தெரியலப்பா. பேசவே மாட்டேங்காங்க."

பிள்ளைகளா, அது சத்தியமான வார்த்தை. அந்த மூன்று மாசமும் அவள் என்னிடம் பேசவில்லை என்றுதான் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் என்ன பேசினேன்? டூட்டி முடிந்து வருவேன், குளிப்பேன், சாப்பிடுவேன், அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என்ன பேசுவது என்று தெரியாமல் படுத்துவிடுவேன். சொல்லவேண்டியது ஏதாவது ஞாபகம் வந்தால், மறுநாள் மத்தியானம் சைட்டிலிருந்து போனில் சொல்வேன்.

இவர்கள் வருவதற்கு முன்னால் லேபர் கேம்ப்பில் இருந்த வருஷமெல்லாம் குடும்பத்தோடு பேசுவது என்றால் எனக்குப் போன்தான். செல்வியிடம் நான் கோபப்பட்டதும், சமாதானமானதும், இவளுக்குப் பெயர் வைத்ததும் போனில்தான். எதிரே ஆள் இருந்தால் என் வாய் கட்டிக்கொள்ளும். அந்தச் சின்னப் பிள்ளை போனில் இருக்கிறவரை அப்பா என்றும், ரூமில் இருக்கிறவரை அவுங்க என்றும் பிரித்து வைத்திருந்தாள். அப்படிப் பிரித்துக் கொடுத்தவனே நான்தான்.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற பெட்டியை ஒரு நூல் பிசகாமல் பிடிக்கத் தெரிந்தவன். மூன்று மாடி கீழே இருந்த பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை.

நட்டை இறுக்கினேன். நாலு நட்டையும்.

மூன்று மாடி

கீழே இறங்குவதற்கு முன்னால் அந்தச் சேனலின் கதையை முடித்துவிடுகிறேன். ஆறு நாள் ஓடியது. ஆறாவது நாள் எல்லாரும் சேர்ந்து கையாட்டினார்கள். அந்த மேஜைக்காரனும் இருந்தான். ஜெர்மனில் ஒரு வரி எழுத்து வந்தது. அப்புறம் கறுப்பு. ஏழாவது நாள் நானும் அக்பர் பாயும் டிஷ்ஷை இறக்கி, சாவியை நாத்தூரிடம் கொடுத்தோம்.

அதை நடத்தினவர்கள் தோற்றுப்போனதாக நினைத்திருப்பார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர்கள் எண்ணியபோது அல் குசைஸை எண்ணியிருக்கமாட்டார்கள். எனக்கு அவர்கள் பெயர் ஒன்றும் தெரியாது. என்றைக்காவது ஒரு ஜெர்மன்காரர் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களிடம் சொல்லட்டும்.

சரி, மாடியிலிருந்து இறங்குகிறேன். லிஃப்ட்டில் ஏறினால் லைன் கட்டாகிவிடும். அதனால் படியிலேயே இறங்கினேன். போன் காதில்தான். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். மாமாவின் தொப்பியைக் காற்று தூக்கிவிட்டதாம். தொப்பிக்குள் ஒரு சின்னத் தொப்பி இருந்ததாம்.

கதவைத் திறந்தேன்.

ஆனந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் போனை ரெண்டு கையாலும் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கர்ட்டனைப் பார்த்தாள். போனைப் பிடித்திருந்ததாலோ என்னவோ, எழுந்து ஓடவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, அவுங்க வந்துட்டாங்க."

அது எனக்கு ரெண்டு தடவை கேட்டது. எதிரேயிருந்து ஒரு தடவை, போனிலிருந்து ஒரு தடவை. செல்வி கட்டிலில் தலையைத் தூக்கி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அவளுக்குக் கையைக் காட்டினேன்.

போனில் மெதுவாகச் சொன்னேன்: "அவுங்ககிட்ட பேசு கண்ணு."

"மாட்டேன். அவுங்கதான் மொதல்ல பேசணும். அவுங்கதானே பெரியவங்க?"

"அப்ப அவுங்கள பேசச் சொல்லு."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். மூன்று மாசத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"அப்பா உங்கள பேசச் சொல்லுதாங்க."

ஐந்து வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு எத்தனையோ இருந்தது. ஒன்றுகூட வரவில்லை. டிவியைப் பார்த்தேன். அங்கே ஒரு சமையல்காரன், பெரிய முட்டைகோஸ் ஒன்று சரிவில் உருண்டு ஓட, அதைத் துரத்திக்கொண்டு போகிறான்.

"அவன்... அவன் எதுக்கு அந்த முட்டைகோஸ விரட்டுதான்?" என்றேன்.

இப்படித்தான் என் மகளோடு நான் முதல்முதலாக நேரில் பேச ஆரம்பித்தேன்.

"இதுகூடத் தெரியலையா?" என்றாள். "அது அவன் வளக்கிற முட்டைகோஸு. வீட்டவிட்டு ஓடிப்போவுது."

"ஏன் ஓடுது?"

"சமைச்சிருவான்னு பயம். உக்காருங்கப்பா, டிவி மறைக்குது."

அப்பா என்று சொன்னது அவளுக்கே தெரியவில்லை. அவள் கண் டிவியில் இருந்தது. நான் கிரீஸ் கையோடு, அவளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன்.

அவள் போன் மடியில் கிடந்தது. என் போன் இன்னும் காதில்தான் இருந்தது. ரெண்டு பேருமே லைனைக் கட் பண்ணவில்லை. முட்டைகோஸ் போய் ஒரு போலீஸ்காரன் வயிற்றில் மோதியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பக்கத்திலிருந்தும் வந்தது, போனிலிருந்தும் வந்தது. போனில் வந்தது ஒரு நொடி பிந்தி வந்தது.

நேரில்தான் முதலில் வந்தது.